கிராம்பு மணக்கும் அலெக்சாண்டர்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அலெக்சாண்டர் வீடு எது என்று கேட்டால் இரண்டு மூன்று வீட்டைக் காட்டுவார்கள். கோலார் தங்கவயல்காரர், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை, கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும் என்று சேர்த்துச் சொன்னால்தான் சரியான சந்துக்குள் கொண்டுபோய் விடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது. நரைத்த மீசையைத் தவிர முகத்தில் ஒரு முடி தங்காது. விடிந்ததும் ஷேவ் பண்ணாமல் தெருவில் கால் வைக்க மாட்டார். நல்ல மனிதர், அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல மனிதருக்கு ஒரு வாய் இருக்கிறதே, அது பேச வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்ளும், பேசக்கூடாத நேரத்தில் திறந்துகொள்ளும். மகள் மலரின் கல்யாணத்தன்று அப்படித்தான் திறந்துகொண்டது.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மகளின் கையைத் தன் முழங்கையில் கோத்துக்கொண்டு, கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கூட நடந்துபோய், மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். கிறிஸ்தவக் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் செய்கிற காரியம்தான், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அலெக்சாண்டருக்கு அது சும்மா கிடைத்த காரியமில்லை. அவர் குடித்துத் திரிந்த காலத்தில் இதே மலர், பதினைந்து வயதுப் பெண், "என் கல்யாணத்துக்கு நீ வரவே வேணாம்பா. தாஸ் மாமா என்னைக் கூட்டிட்டுப் போவாரு" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அதன் பிறகு அவர் குடியை விட்டு, வருஷங்கள் போய், மனைவியையும் மண்ணில் வைத்துவிட்டு, அப்பாவும் பெண்ணுமாக ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளாகவே சொன்னாள்: "நீதாம்பா என்னைக் கூட்டிட்டுப் போகணும்." அலெக்சாண்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கவளம் வாய்க்குப் போகவில்லை. அப்புறம் எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி வர வெகு நேரம் பிடித்தது.

மலர் வைட்ஃபீல்டில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான். தங்கமான பையன், குடி சிகரெட் எதுவும் கிடையாது. அதைத்தான் மலர் முதலில் விசாரித்தாள் என்று அவளுடைய தோழிகள் சொல்லிச் சிரிப்பார்கள். அலெக்சாண்டர் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள மாட்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் மல்லேஸ்வரத்தில் பெரிய கடை ஒன்றுக்குத் தனியாகப் போனார். சென்ட் வாங்க. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்ற பெண் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளில் பீய்ச்சிப் பீய்ச்சி நீட்டினாள். ஒன்று தர்பூசணி மாதிரி இருந்தது. ஒன்று கேக் மாதிரி. இன்னொன்றை முகர்ந்துவிட்டு, "இன்னாம்மா இது, துணி சோப்பு வாசனை அடிக்குது?" என்றார்.

"அங்கிள், இதுதான் இப்ப எல்லாரும் வாங்குறாங்க. ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

"ஃப்ரெஷ்ஷா இருக்கிறதுக்கு நான் இன்னா கீரையா? கிராம்பு போட்டது இருக்குதா? பட்டை, கிராம்பு. வெள்ளக் குப்பில வரும்."

அந்தப் பெண் குனிந்து அடித்தட்டில் தேடி ஒரு பெட்டியை எடுத்துத் துடைத்தாள். "இதுவா? ஐயோ அங்கிள், இது தாத்தா சென்ட்டு!"

"தாத்தா சென்ட்டு இல்லம்மா. மாப்ள சென்ட்டு" என்றார் அலெக்சாண்டர். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சென்ட்டின் பெயர் இங்கே எதற்கு? அந்தக் காலத்து ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ரகம்தான். ஷேவ் பண்ணின கையோடு உள்ளங்கையில் நாலு சொட்டு ஊற்றிக் கன்னத்தில் அறைந்துகொள்வார்களே, அது. முதலில் சுரீர் என்று எரியும். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் ஒரு வாடை கிளம்புமே, அது மூக்கில் ஏறும். கூடவே கிராம்பு. பிறகு ஆரஞ்சு ஓடிப்போகும். கிராம்பும் பட்டையும் மட்டும் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும், கொஞ்சம் ஜாதிக்காய் எட்டிப் பார்க்கும். மத்தியானத்துக்கு மேல் அந்தக் காரமும் இறங்கி, சாயங்காலம் சட்டைக் காலரில் சாம்பிராணிப் புகை போன வீட்டின் இளஞ்சூடு மாதிரி ஒன்று மிச்சம் இருக்கும். அது இனிப்புக் காட்டி மயக்குகிற வாசனை இல்லை. யாரையும் கெஞ்சாது. குளித்து, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு நல்ல காரியம் பேச வந்திருக்கிறேன் என்று சொல்கிற வாசனை. அதனால்தான் சிலருக்கு அது பிடித்துப்போனால் ஆயுசுக்கும் விடாது. அலெக்சாண்டருக்கு இருபது வயதில் பிடித்தது.

அப்போது அவர் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சேர்ந்த புதுசு. பூமிக்கு அடியில் ஷிப்ட் முடித்து மேலே வந்தால் உடம்பெல்லாம் வெடிமருந்துப் புகையும் சேறும் நாறும். சோப்புப் போட்டால் சேறு போகும், புகை நாற்றம் போகாது. தலைமுடிக்குள், நகக்கண்ணுக்குள் புகுந்துகொண்டு வீடு வரைக்கும் கூடவே வரும். கூட வேலை செய்த ஒருவர் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் அந்த வெள்ளைக் குப்பியைக் காட்டிக்கொடுத்தார். வாங்கிப் பூசிய அன்றைக்குத்தான், தானும் நாலு பேர் நடுவில் போய் உட்காரலாம் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியது. புகையின் வாடையைக் கிராம்பு அமுக்கிப் போட்டது. அதற்குத் தெம்பு போதும். மல்லிகைச் சென்ட்டாக இருந்திருந்தால் சுரங்க வாடையோடு சேர்ந்து குமட்டியிருக்கும்.

தன் கல்யாணத்துக்கும் அதைத்தான் பூசிக்கொண்டு போனார். பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டபோது பக்கத்திலிருந்த மணப்பெண் சின்னத்தாய் முக்காட்டுக்குள் மூக்கைச் சுருக்குவதைப் பார்த்து அவருக்குத் திக்கென்றது. சாயங்காலம் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்தபோது அவள் முதன்முதலாகப் பேசிய பேச்சே அதுதான்.

"உங்க வீட்ல பிரியாணிக்குத் தாளிச்சதெல்லாம் உங்க மேலதான் தாளிச்சாங்களா?"

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "புடிக்கலியா?"

"புடிக்கலன்னா பசிக்குதுன்னு சொல்லுவனா?" என்றாள் சின்னத்தாய்.

அப்படி ஒரு பெண். அந்த வாசனையை அவள் 'மசாலா' என்றே சொல்லுவாள். "மசாலா பூசியாச்சா, கெளம்பலாமா?" என்பாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புறப்படும்போது. அவர் ஷிப்டுக்குப் போன பிறகு அவருடைய சட்டையைத் துவைக்காமல் ஒரு நாள் கூடுதலாகக் கொடியில் போட்டு வைப்பாள் என்று அவளுடைய அண்ணன் தாஸ் கேலி செய்வார். மலர் பிறந்தாள். அதெல்லாம் நல்ல வருஷங்கள். மலருக்கு அந்த வருஷங்களில் ஒன்றும் நினைவில்லை, அவ்வளவு சின்னக் குழந்தை. பாவம் அதுதான்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். அலெக்சாண்டர் மாதிரி ஆயிரக்கணக்கான பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்து, ராத்திரி ரயிலில் திரும்பினார்கள். இவருக்கு ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை. வருகிற கார்களுக்கெல்லாம் சலாம் வைக்க வேண்டும். பூமியைக் குடைந்த ஆண்பிள்ளைக்கு அது தொண்டையில் முள்ளாகக் குத்தியது. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பாக்கெட் சாராயம் விற்ற காலம் அது. ஒரு பாக்கெட் இரண்டாயிற்று, இரண்டு கணக்கில்லாமல் போயிற்று. குடித்துவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவது? அதற்குத்தான் இந்த மனிதர் ஒரு பாழாய்ப்போன உபாயம் கண்டுபிடித்தார். டிபன் பையில் அந்த வெள்ளைக் குப்பியையும் வைத்துக்கொண்டார். ரயில் தங்கவயலை நெருங்கும்போது கன்னம், கழுத்து, மீசை என்று தாராளமாக ஊற்றிப் பூசிக்கொள்வார். சுரங்கப் புகையையே அமுக்கியது சாராயத்தை அமுக்காதா என்று அவருக்கு ஒரு கணக்கு.

சின்னத்தாயை ஏமாற்ற முடியுமா? காலையில் பூசிய சென்ட் சாயங்காலத்தில் எப்படி மணக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தணிந்துபோய், காலருக்குள் மூக்கை விட்டால்தான் தெரியும். ராத்திரி எட்டரை மணிக்கு ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் சந்து முனையிலேயே ஆளுக்கு முன்னால் ஓடி வந்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் வாசல்படியில் குறுக்கே நின்றுகொள்வாள்.

"எங்க, ஊதுங்க பாக்கலாம்."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். இல்லையென்றால் மூக்கு வழியாக மெல்ல விடுவார். சண்டை வரும். தட்டு பறக்கும். கையும் நீண்ட நாட்கள் உண்டு. அதை மறைத்து இவரை நல்லவராக்கிக் காட்ட எனக்கு மனமில்லை. அந்த வயதில் மலர் கற்றுக்கொண்டது இதுதான்: சந்து முனையில் கிராம்பு வாசனை வந்தால் வீட்டுப்பாட நோட்டைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும். அம்மாவுக்கு அந்த வாசனையில் ஒரு மாப்பிள்ளையும் இருந்தான், குடிகாரனும் இருந்தான். பெண்ணுக்குக் குடிகாரன் மட்டும்தான்.

ஒரு நாள் சின்னத்தாய் ஊதச் சொல்லவில்லை. கதவைத் திறந்தாள், ஒதுங்கி வழி விட்டாள், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அலெக்சாண்டர் வாசலிலேயே நின்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். அவள் எதுவுமே கேட்காதது அவரைக் கிலி பிடிக்க வைத்துவிட்டது. அவள் தன்னைக் கைகழுவிவிட்டாள் என்று போதையிலும் அவருக்கு விளங்கியது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கோயில் கூடத்தில் குடியை விட்டவர்கள் கூடுவார்களே, அந்த இடத்தை விசாரித்துக்கொண்டு போனார். விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, ஒருவழியாக நின்றுவிட்டார். இப்போதைக்குப் பத்துப் பதினோரு வருஷமாக ஒரு சொட்டு கிடையாது. விட்ட அன்றைக்கே சின்னத்தாய் அந்தக் குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சாராயத்தை விட்டது கூட அவ்வளவு கஷ்டமில்லை, ஷேவ் பண்ணிவிட்டு வெறும் தண்ணீரில் முகம் கழுவுவதுதான் கஷ்டம் என்று தாஸிடம் ஒரு முறை சொன்னாராம்.

மலர் காலேஜுக்குப் பெங்களூர் வந்தபோது குடும்பமே ஸ்ரீராம்புரத்துக்குக் குடிவந்தது. அங்கே ஒரு சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சின்னத்தாய், யாரும் கேட்காமலே சொன்னாள்:

"அந்த மசாலா இன்னா பாவம் பண்ணுச்சு, சொல்லுங்க. நீங்கதான் அதையும் கெடுத்து வெச்சீங்க. நல்லாதான் இருக்கும்."

அலெக்சாண்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"சரி, வுடுங்க. மலர் கல்யாணத்துக்கு ஒரு நாள் போட்டுக்கோங்க. நானே கேட்டு வாங்கித் தரேன். நம்ம கல்யாணத்துல வந்த மாதிரியே வாங்க."

வாங்கித் தர அவள் இருக்கவில்லை. கிட்னி கோளாறு என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பீன்ஸ் நறுக்கிய சாயங்காலம் மலர் வீட்டில் இல்லை. அவளிடம் இதை யாரும் சொல்லவும் இல்லை. யார் சொல்வது? தெரிந்தவர் இவர் ஒருவர்தான். பெண்ணிடம் இதையெல்லாம் பேசுவதா என்று ஒரு கூச்சம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, காப்பி குடிக்கும்போது சொல்லியிருக்கலாம். சென்ட் வாங்கி வந்த அன்றைக்குக் கூட பீரோவுக்குள் துணிக்கு அடியில் மறைத்து வைத்தார். கல்யாணத்தன்று மலர் ஆச்சரியப்பட வேண்டுமாம்.

கல்யாண நாள் காலை பத்தரை மணிக்குப் பூசை. அலெக்சாண்டர் இரண்டு தடவை ஷேவ் பண்ணினார். கோட்டு சூட்டு போட்டார். பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு குப்பியைத் திறந்தார். கன்னத்தில் அது சுரீரென்று எரிந்தபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியில் தெரிந்த கிழவனைப் பார்த்துக்கொண்டே, "சின்னத்தாயி, போட்டுக்கினேன்டி" என்றார் சத்தம் வராமல். பல வருஷத்துப் பசி, இரண்டு சொட்டு அதிகமாகவே போட்டுக்கொண்டார். நாலு சொட்டு கூட இருக்கலாம்.

மலரை அழகுபடுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாடியிலிருந்து அவளை நேராகக் காரில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வெள்ளைப் பட்டு, தலையில் வலை முக்காடு, கையில் பூச்செண்டு. அலெக்சாண்டர் மறுபக்கக் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள், ஏசி ஓடியது. டிரைவர் முன்னால் யாருடனோ கன்னடத்தில் போன் பேசிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

அடுத்த திருப்பம் வருவதற்குள் மலரின் முகம் மாறிவிட்டது. பூச்செண்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. அவள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர், 'கண்டுபிடித்துவிட்டாள், இப்போது சிரிப்பாள்' என்று காத்துக்கொண்டிருந்தார். மடையர்.

"அப்பா" என்றாள் மலர், டிரைவருக்குக் கேட்காத குரலில். "ஊதுப்பா."

அலெக்சாண்டருக்கு முதலில் காதில் விழுந்தது விளங்கவில்லை. "இன்னாது?"

"ஒரே ஒரு தடவ. என் பக்கம் திரும்பி ஊது. யாருக்கும் தெரியாது."

இந்த இடத்தில் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'அடிப் பைத்தியமே' என்று சிரித்துக்கொண்டே முகத்தில் பூ என்று ஊதியிருக்க வேண்டும். காலையில் குடித்த காப்பி வாசனை வந்திருக்கும், அவள் தோளில் சாய்ந்திருப்பாள், கதை முடிந்தது. ஆனால் அலெக்சாண்டரின் காதுக்குள் ரத்தம் பாய்ந்தது. இத்தனை வருஷம், எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, எத்தனை பேர் கிளாஸை நீட்டினார்கள், ஒரு சொட்டு தொட்டாரா? பெண்டாட்டியைப் புதைத்த அன்றைக்குக் கூடத் தொடவில்லையே. பெற்ற பெண், கல்யாணக் காரில், வாயை முகர்ந்து பார்க்க வேண்டும் என்கிறாள்.

"பெத்த அப்பன ஊதச் சொல்றியா?"

"அப்பா, மெதுவா. ப்ளீஸ். எனக்காக ஊதேன்."

"மாட்டேன்."

"அந்த வாசன வருதுப்பா. எனக்குக் கையெல்லாம் நடுங்குது, பாரு."

பார்த்தார். நடுங்கத்தான் செய்தது. பார்த்த பிறகுமா ஒரு மனிதன் அதைச் சொல்வான்? சொன்னார்.

"என் மேல நம்பிக்கை இல்லன்னா, உங்க மாமனையே கூட்டிக்கினு போ."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீம்பு. அவள் இன்னொரு தடவை கெஞ்சுவாள் என்று காத்திருந்தார். அவள் கெஞ்சவில்லை. கோயில் வரைக்கும் கண்ணாடிக்கு வெளியே பூக்கடையும் பஸ்ஸும் போவதையே இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கோயில் வாசலில் தாஸ் குடும்பத்தோடு நின்றிருந்தார். மலர் காரிலிருந்து இறங்கி முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராக அவரிடம் போனாள். "மாமா, நீங்க என் கூட வரீங்களா?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தாஸ் திடுக்கிட்டு அலெக்சாண்டரைப் பார்த்தார்.

"இன்னா மச்சான், நீங்க..."

"போங்க மச்சான்" என்றார் அலெக்சாண்டர். "அவ கேக்கறா இல்ல? போங்க."

தாஸ் அருகில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். வாசனை அவருக்கும் பிடிபட்டது. ஆனால் குடிக்கிற மனிதனின் கண் எப்படி இருக்கும் என்று தாஸுக்குத் தெரியும். இது அந்தக் கண் இல்லை. "அட, குடிக்கலன்னு நீங்களே சொல்லக் கூடாதா?" என்று முணுமுணுத்தார். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. தாஸ் வேறு வழியில்லாமல் முழங்கையை நீட்டினார்.

வேறு ஊரில், வேறு சாதி சனத்தில் இது நடந்திருந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நம்மிடம் யார் கேட்பார்கள்? தாய்மாமன் பெண்ணை அழைத்துப் போவது முறைதானே. பின்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியா, அம்மா இல்லாத பொண்ணு, மாமனை முன்னால நிக்க வெச்சிருக்காங்க. எவ்ளோ பெரிய மனசு அவங்கப்பாவுக்கு!" என்றாள். அலெக்சாண்டர் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி அதைக் கேட்டார். அந்தப் பாராட்டு செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அவருக்கு.

மலரும் தாஸும் நடந்தார்கள். அலெக்சாண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம். பாதி தூரம் போனதும் காலடிச் சத்தம் நின்றது. முக்காடு எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி நடக்கிற சத்தம் கேட்டது. அவருடைய கழுத்திலிருந்து கிராம்பு கமகமவென்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் மேல் வந்த ஆத்திரத்தில் கைக்குட்டையைத் தீர்த்தத்தில் நனைத்து, யாரும் பார்க்காமல் கன்னத்தை அழுந்தத் துடைத்தார். போகிற வாசனையா அது?

அங்கே நின்றபோதுதான் அவருக்குச் சின்னத்தாய் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிப் போன ராத்திரி மனதில் வந்தது. ஊதச் சொன்ன ராத்திரிகளில் அவளுக்கு அவர் மேல் ஆசை இருந்தது. கேட்காத ராத்திரியில்தான் அது போயிருந்தது. இன்றைக்கு மலர் கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள். குடித்திருப்பான் என்று முடிவு கட்டிய பெண்ணாக இருந்தால் கேட்டிருப்பாளா? பேசாமல் இறங்கிப் போயிருப்பாள். இது விளங்கிய நேரத்தில் பீடத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து, பக்கத்து ஹாலில் பிரியாணி. மாப்பிள்ளையின் அப்பா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடாமல் மூக்கை உறிஞ்சினார். "சம்பந்தி, இது அந்தப் பழைய சென்ட்டு இல்ல? எங்கப்பா போடுவாரு. எவ்ளோ வருஷமாச்சு! எங்க வாங்கினீங்க? நல்ல ஆம்பள வாசன சம்பந்தி" என்றார். அலெக்சாண்டர் கடையின் பெயரைச் சொன்னார். வேறு யாராவது வந்து பேசினால் பதில் சொன்னார், பந்தியில் நின்று பரிமாறினார், இலைக்கு இலை குனிந்து "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்றார். மலர் இருக்கிற பக்கம் மட்டும் போகவில்லை. அவளும் வரவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். கார் வந்து நின்றது. ஏறுவதற்கு முன்னால் பெரியவர்கள் பெண் மாப்பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவது வழக்கம். எல்லாரும் வரைந்தார்கள். கடைசியாக மலர் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். மாப்பிள்ளை விவரம் தெரிந்தவன், ஏதோ எடுக்கிற மாதிரி காருக்குப் பின்னால் போய்விட்டான்.

கட்டைவிரலைத் தூக்கிய அலெக்சாண்டருக்குக் கை ஓடவில்லை. "மலரு, உங்கம்மாதான் போட்டுக்கச் சொன்னா" என்றார்.

"எதை?"

"இந்த மசாலாவ. எங்க கல்யாணத்துக்கு இதான் போட்டுக்கினு போனேன். அவளுக்குப் புடிக்கும். உன் கல்யாணத்துக்கு ஒரு நாள் போட்டுக்கோன்னு சொன்னா. அதான் போட்டேன். வேற ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல."

மலர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முக்காட்டைப் பின்னால் தள்ளியிருந்தாள். கண் மை கலைந்திருந்தது. "அம்மாவுக்குப் புடிக்குமா?" என்றாள். பிறகு, "ஏம்பா எனக்குச் சொல்லல? கார்லயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

ஹால் வாசலில் ஐம்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் திடீரென்று குனிந்து, மகளின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து நீளமாக ஊதினார். ஊதிவிட்டு, பரீட்சை எழுதிக்கொடுத்தவர் மாதிரி நின்றார்.

மலர் கண்ணை மூடித் திறந்தாள். "வேணாம்பா. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எப்போ?"

"மாமா கையப் புடிச்சிட்டுப் போறப்ப. இல்ல, எங்கப்பா குடிக்கலன்னு தோணிச்சு. பாதி வழியில நின்னு உன்னத் திரும்பிப் பாத்தேன். நீ நிமுந்து பாத்திருந்தா போதும், வான்னு கூப்பிட்டிருப்பேன். நீ கீழயே பாத்துக்கினு நின்னப்பா."

நெற்றியை அவளே முன்னால் நீட்டினாள். அலெக்சாண்டர் சிலுவை வரைந்தார். மாப்பிள்ளை வந்து கதவைத் திறந்துவிட்டான். இரண்டு பேரும் ஏறினார்கள், கார் கிளம்பியது. எல்லாரும் கையை ஆட்டினார்கள்.